நடுக்கோட்டில் முதல் கல்

ரசமட்டம் என்ற பட்டப்பெயர் வந்ததில் அந்தக் கொத்தனாருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கொத்தனார்களில் சிலர் கண்ணளவில் சுவர் எழுப்புவார்கள், சிலர் வாயளவிலேயே எழுப்பிவிடுவார்கள். இவர் ஒவ்வொரு வரிசைக்கும் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நின்ற பிறகுதான் அடுத்த கல்லைத் தொடுவார். டீ கிளாஸை மேசையில் வைத்தால்கூட ஒரு கண்ணை மூடிக்கொண்டு சரிபார்ப்பார் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்ட சந்தேகப் பிராணி ஒரே ஒரு ஆளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். அது அவர் மனைவியின் தம்பி, வெல்டர்.

இருவரும் சேர்ந்து செய்தது முகப்புச் செங்கல் வேலை. வீட்டைத் தாங்கும் சுவர் உள்ளே தனியாக இருக்கும். அதற்கு முன்னால் சிறிது இடைவெளி விட்டு, மழைக்கும் அழகுக்குமாக ஒற்றைக் கல் கனத்தில் இன்னொரு சுவர் எழும்பும். அது எதையும் தாங்க வேண்டாம், தன்னைத் தானே தாங்கிக்கொண்டால் போதும். ஆனால் ஜன்னலும் வாசலும் வருகிற இடத்தில் அதற்குக் காலடியில் ஒன்றுமே கிடையாது. அங்கேதான் வெல்டரின் வேலை. எல் வடிவ இரும்பு ஆங்கிள் ஒன்றைக் குறுக்கே வைத்து, அதன் இரண்டு முனைகளையும் பக்கச் செங்கற்கள்மேல் நன்றாக உட்கார வைப்பான். ஒரு பட்டை நிமிர்ந்து நிற்கும், மற்றது படுத்திருக்கும். ஜன்னலுக்கு மேலே போகிற அத்தனை கல்லும் அந்தப் படுத்த பட்டையை நம்பித்தான் உட்காருகின்றன.

இவர்களுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. ஆங்கிளை உட்கார வைத்ததும் வெல்டர் அதன் நட்ட நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு கிழிப்பான். "மச்சான், இனி உங்க கல்லு" என்பான். ரசமட்டம் முதல் கல்லை அந்தக் கோட்டின்மேல் வைத்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து போவார். அப்போதுதான் இரண்டு ஓரத்திலும் வெட்டுக் கல் ஒரே அளவில் வந்து, பார்க்க லட்சணமாக இருக்கும். மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது, ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஓரத்தில் முடிப்பார்கள். கோடு விழுந்துவிட்டால் ரசமட்டம் ஆங்கிளைத் தட்டிப் பார்ப்பதில்லை. மாப்பிள்ளை கோடு போட்டான் என்றால் மாப்பிள்ளை பார்த்துவிட்டான் என்று அர்த்தம். அதற்கு மேலும் பார்த்தால் அவனை நம்பவில்லை என்றாகிவிடும்.

டெய்லரம்மா வீட்டிலும் அப்படித்தான் கோடு விழுந்தது, அப்படித்தான் முதல் கல்லும் உட்கார்ந்தது. மழைக்காலம் ஒன்று கழிந்த பிறகு ஒரு நாள் காலையில் அந்தம்மா போன் செய்தார்.

"மேஸ்திரி, ஜன்னலுக்கு மேல விரிசல் விட்டிருக்கு. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

டெய்லரம்மா கோபத்தில் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால்கூட ரசமட்டத்துக்குத் தேவலாம் போலிருந்தது. அந்த அம்மா வீட்டு முன்னறைதான் தையல் கடை. வெளிச்சம் வேண்டும் என்று முன்சுவர் முழுக்க ஒரே அகல ஜன்னலாக வைக்கச் சொன்னவர். ஜன்னலுக்கு வெளியே ஒரு நீள பெஞ்ச் கிடக்கும். துணி கொடுத்தவர்களும் வாங்க வந்தவர்களும் அதில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். ரசமட்டம் போனபோதும் இரண்டு பெண்கள் அதில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு நேர் மேலே, ஜன்னல் நடுவிலிருந்து படிப்படியாக ஏறிப் போயிருந்தது விரிசல். நடுவில் கல் வரிசை லேசாகத் தொய்ந்திருந்தது. ரசமட்டத்தை வைத்துப் பார்க்கத் தேவையே இல்லை.

"முதல்ல எந்திரிங்கம்மா, அந்தப் பக்கம் போய் உக்காருங்க" என்று அந்தப் பெண்களை எழுப்பி, பெஞ்சை இழுத்துத் தள்ளிப் போட்டார்.

"ஆங்கிள்ல ஏதாவது கோளாறா இருக்குமா மேஸ்திரி?" என்று டெய்லரம்மா கேட்டார்.

"ஆங்கிள் என் மாப்ள வச்சதும்மா. அதுல சந்தேகமே படாதீங்க. தப்பு இருந்தா அது என் பக்கம்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு வந்தாரே தவிர, என்ன தப்பு என்று அவருக்குப் பிடிபடவில்லை. வெல்டரின் பட்டறைக்குப் போனார். அவன் ஒரு கேட்டுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். விரிசல் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"மச்சான், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. முட்டுக் கட்டையை ஒரு நாள் முன்னாடியே எடுத்தீங்கல்ல?"

அது உண்மைதான். சாந்து இறுகும்வரை ஆங்கிளுக்கு அடியில் நிற்க வேண்டிய முட்டுக் கட்டைகளை அவர் ஒரு நாள் முன்னதாக எடுத்துவிட்டார். எடுத்தது வேறு எதற்கும் இல்லை, சொந்த வீட்டு ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்க. அதை நினைத்ததும் அவருக்கு முகம் சுண்டிப்போனது.

"ஒரு நாள்தானேடா?"

"ஒரு நாள்தான். ஆனா பச்சைச் சாந்து பாருங்க." வெல்டர் அவர் தோளில் கை வைத்தான். "விடுங்க மச்சான். நீங்க அங்க போய்த் தலைகுனிஞ்சு நிக்க வேணாம். நான் ரெண்டு ஆளை வச்சு நானே பிரிச்சு, ஆங்கிளையும் புதுசா மாத்தி வச்சுடறேன். நீங்க அப்புறமா வந்து கல்லு மட்டும் வையுங்க."

ரசமட்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தன் தவறுக்கு மாப்பிள்ளை தோள் கொடுக்கிறானே என்று நெகிழ்ந்து போனார். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று நினைத்தார். பாவம் மனுஷன், வேறு என்ன நினைப்பார்?

"வேணாம்டா. நான் வச்ச கல்லை நானே எடுக்கறேன். அதான் முறை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஜன்னல் அவள் பல வருஷம் கேட்டு வாங்கியது. "ஊருக்கெல்லாம் ஜன்னல் வைக்கிறீங்க, நம்ம வீட்டுக்குள்ள பகல்லயே லைட்டு போட வேண்டியிருக்கு" என்று சொல்லாத நாளில்லை. அவரும் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் தம்பிதான் ஒரு நாள் ஆங்கிளோடு வந்து இறங்கினான். கோடவுன் வேலையில் மிச்சமானது, அக்காவுக்கு என் சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றான். சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் கால்வனைஸ் ஆங்கிள், துரு ஏறாத சாதி. ஆங்கிள் நீளமாக இருந்ததால் ஜன்னலையும் அதற்குத் தகுந்தபடி அகலமாக்கினார்கள். தலைக்குத் தொப்பி வாங்குவார்கள், நீங்கள் தொப்பிக்குத் தலை செய்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். அன்றிலிருந்து அவள் அந்த ஜன்னலை விட்டு நகர்வதில்லை. காய் நறுக்குவதும் அங்கேதான், தலை வாருவதும் அங்கேதான்.

"டெய்லரம்மா வீட்டுக் கல்லு முழுக்கப் பிரிக்கணும்" என்றார்.

அவள் கை நின்றது. "முழுக்கவா? விரிசலுக்குச் சாந்து பூசி மூடினாப் போதாதா?"

"பூசி மூடறதா? யார் தலையிலாவது விழுந்தா?"

"ஆங்கிள்வரைக்கும் பிரிக்கணுமா?"

"ஆங்கிள்வரைக்கும்தான்."

அவள் மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கொத்தனாருடைய பெண்டாட்டிக்கு ஆங்கிளைப் பற்றி என்ன கவலை என்று அவருக்கும் அப்போது தோன்றவில்லை.

மறுநாள் காலையில் போய், டெய்லரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். பெஞ்சில் அன்று நாலைந்து பேர் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். தவறு செய்தவன் ஒளித்துப் பேசக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"முட்டுக் கட்டையை அவசரப்பட்டு எடுத்துட்டேம்மா. என் வீட்டு வேலைக்காக எடுத்தேன். தப்பு என்னோடது. முழுக்கப் பிரிச்சு நானே கட்டித் தர்றேன்."

"தப்பை ஒத்துக்கற கொத்தனாரை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் டெய்லரம்மா. பெஞ்சில் ஒருவர், "இத்தனைக்கும் பேரு ரசமட்டம்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், காது மட்டும் சிவந்து போனது.

ஆங்கிளுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு மேலிருந்து ஒவ்வொரு வரிசையாகப் பிரித்தார். கல் உடையாமல் எடுத்து, சாந்தைக் கொத்தி, சுவரோரம் அடுக்கினார். சாந்தைக் கொத்தக் கொத்த அவருக்குக் குழப்பம் வந்தது. சாந்து கல்லாக இறுகியிருந்தது. உளி வைத்து அடித்தால்தான் விட்டது. ஒரு நாள் முன்னதாக முட்டுக் கட்டையை எடுத்ததால் கெட்டுப்போன சாந்து இப்படி இருக்காதே என்று அடிக்கடி ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை.

கடைசி வரிசைக்கு வந்தார். ஓரத்துக் கற்களை எடுத்துவிட்டு நடுவுக்கு வந்தார். கடைசியாக எடுத்தது அவர் முதலில் வைத்த கல். அதன் அடிச்சாந்தைச் சுரண்டித் துடைத்ததும் மாப்பிள்ளையின் சாக்பீஸ் கோடு மங்கலாகத் தெரிந்தது. கோட்டுக்கு அடியிலேயே, அதே இடத்தில், சிவப்புப் பெயிண்டில் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

கரண்டி முனையால் பெயிண்டைச் சுரண்டினார். ஆங்கிளின் இந்தப் பாதியும் அந்தப் பாதியும் வேறு வேறு துண்டு. நடுவில் பற்றவைத்து, ஒட்டுத் தெரியாமல் கிரைண்டரால் வழவழவென்று தேய்த்து, மேலே ரெட் ஆக்சைடு அடித்திருந்தது. பாரம் அதிகம் விழுகிற நட்ட நடுவில் ஒட்டு. அந்த ஒட்டு இப்போது அடியிலிருந்து வாய் பிளந்திருந்தது. அடிப்பக்கத்தை ஜன்னல் சட்டம் மறைத்திருந்ததால் வெளியே யாருக்கும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் தூரம் சுரண்டினார். வெறும் கறுப்பு இரும்பு. துத்தநாகப் பூச்சு எங்கேயும் இல்லை.

டெய்லரம்மாவோடு இரும்புக் கடைக்குப் போய் ஆங்கிளைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான். மழை அடிக்கிற முகப்பு, கால்வனைஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, கடையிலேயே ஒரே ஒரு முழு நீளம்தான் இருக்கிறது என்று அதை எடுத்து வைக்கச் சொன்னார். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று டெய்லரம்மா தன் நீலத் தையல் சாக்பீஸால் அதன் முனையில் ஒரு பெருக்கல் குறி போட்டார். அதைக் கடையிலிருந்து ஏற்றி வந்தவன் மாப்பிள்ளை. வேலையிடத்துக்குச் சிவப்பாக வந்தபோது, "ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சுட்டேன் மச்சான், இன்னும் பத்திரம்" என்றான். அட, எவ்வளவு அக்கறை என்று இவர் சந்தோஷப்பட்டார்.

சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் ஆங்கிள் ஒன்றை அந்த வாரமே எங்கே பார்த்தோம் என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் அதற்கடியில்தான் உட்கார்ந்து டீ குடிக்கிறார்.

சாரத்திலிருந்து இறங்கினார். கோபம்கூட இன்னும் வரவில்லை. நெஞ்சுக்குள் எதையோ பிடுங்கி எடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

"அம்மா, இந்தப் பக்கம் யாரையும் விடாதீங்க. நல்ல ஆங்கிளோட வரேன்."

"ஏன், இது நல்லது இல்லையா? நாமதானே போய் எடுத்தோம்?"

"நாம எடுத்தது இது இல்லம்மா" என்றார். சொல்லிக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்தார்.

வீட்டில் வெல்டர் உட்கார்ந்திருந்தான். கல் பிரிக்கிற நாள் என்று தெரியுமே, வேலையில் கை ஓடவில்லை போலும். அக்காவும் தம்பியும் ஏதோ பேசிக்கொண்டிருந்தவர்கள் இவரைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். ரசமட்டம் உள்ளே போகாமல் நேராக ஜன்னலுக்கு வெளியே போய் நின்று, அண்ணாந்து ஆங்கிளின் அடிப்பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"மாப்ள, இது எந்த கோடவுன்ல மிச்சமானது?"

வெல்டர் முகத்தில் ஈயாடவில்லை. "மச்சான், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க..."

"எந்த கோடவுன்னு கேட்டேன்."

"அக்கா எத்தனை வருஷமாக் கேட்டுச்சு! நீங்களும் நாளைக்கு நாளைக்குன்னே சொல்லிட்டிருந்தீங்க. இவ்வளவு நீளம் கடையில வேற இல்ல. நான் என்ன எனக்கா எடுத்துக்கிட்டேன்? உங்க வீட்டுக்குத்தானே மச்சான் செஞ்சேன்?"

"அந்தம்மா வீட்டுல ஒட்டுப் போட்டு வச்சியே, அது யாருக்காக?"

"நல்லாத்தான் பத்தவச்சேன். சத்தியமா நிக்கும்னுதான் நெனச்சேன்."

"நிக்கும்னு நெனச்சவன் எதுக்குடா அதுமேலயே கோடு போட்ட?"

ஒட்டை மறைக்க ஒரு கல் வேண்டும். யார் எந்தக் கல்லை முதலில் வைப்பார், எங்கே வைப்பார், குனிந்துகூடப் பார்க்காமல் வைப்பார் என்பதெல்லாம் உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். இத்தனை வருஷத்து நம்பிக்கையை அளந்து பார்த்து அதற்குத் தகுந்தபடி ஒட்டுப் போட்டிருக்கிறான். அப்போதுதான் ரசமட்டத்துக்குக் கோபம் வந்தது. ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் முட்டுக் கட்டையை நான் சீக்கிரம் எடுத்துட்டேன்னு என்கிட்டயே சொன்னியேடா. நானும் அதை நம்பி, அத்தனை பேர் முன்னாடி..."

"அவனை ஏங்க இந்தப் பாடு படுத்தறீங்க?" என்றாள் மனைவி. "சின்னப் பையன் மாதிரி அழுதுக்கிட்டேதான் பத்தவச்சான், நம்ம வீட்டுக்குப் பின்னால உக்காந்து. வேணாம்டான்னு நானும் ஒரு வார்த்தை சொன்னேன்."

சொல்லிவிட்டுத்தான், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ரசமட்டம் மெல்லத் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

அவள் மடித்து வைத்த துணியையே எடுத்து மறுபடியும் மடித்தாள்.

"விரிசல் விட்ட அன்னைக்குமா தெரியும்? நான் வந்து முழுக்கப் பிரிக்கணும்னு சொன்னப்பவும்?"

"உங்களுக்கு நல்ல பேரு இருக்குங்க" என்றாள் அவள். குரலில் கெஞ்சல் இருந்தது. "ஒரு தடவை தப்பு நடந்துடுச்சுன்னு சொன்னா யாரும் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அவன் இனிமேத்தானே பேரு எடுக்கணும்?"

தம்பி செய்ததை அவர் எப்படியோ விழுங்கிவிட்டிருப்பார். இதை விழுங்க முடியவில்லை. அவருடைய நல்ல பெயரை இருவரும் உட்கார்ந்து பேசி, பெரிய மனதோடு எடுத்துச் செலவழித்திருக்கிறார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வீட்டில் தன்னைத் தவிர எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது என்பதை நினைக்க நினைக்க அவருக்கு வாசலிலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. அழவில்லை. உள்ளே போய் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்னங்க, இந்த ஜன்னலை விட்டுடுங்க. அந்தம்மாவுக்கு வேற ஆங்கிள் பாத்து வாங்கி வச்சுடலாம்."

"வேற இல்லன்னுதானே எடுத்தான்?"

"தெருவே பாக்குமே..."

"பாக்கட்டும்."

முட்டுக் கொடுத்து, மேலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்தார். வெல்டர் உதவிக்கு வந்தான். அவன் நீட்டிய கையில் அவர் ஒரு கல்லைக்கூடக் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தானே குனிந்து கீழே வைத்தார். மனைவி உள்ளேயிருந்து ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டாள். பொழுது சாயும்போது ஜன்னலுக்கு மேலே செங்கல் போய், உள்சுவரின் பூசாத கற்கள் தெருவைப் பார்த்து நின்றன. ஆங்கிளை இறக்கியபோது, கல்லுக்குள் புதைந்திருந்த முனையின் அடிப்பக்கத்தில் நீலப் பெருக்கல் குறி அழியாமல் இருந்தது.

மறுநாள் டெய்லரம்மா அந்தக் குறியைப் பார்த்தார். ரசமட்டத்தின் முகத்தையும் பார்த்தார். நடந்ததை அவர் ஒளிக்காமல் சொன்னார், அதுவும் பெஞ்சில் இருந்தவர்கள் முன்னால்தான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஆங்கிளை அவரே உட்கார வைத்தார். இரண்டு முனையும் கல்மேல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டேப் பிடித்துப் பார்த்தார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெருவில் வெல்டரின் வண்டி வந்து நின்றது. அவன் தயங்கித் தயங்கிச் சாரத்தில் ஏறினான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, நடுவை அளந்து, ஒரு கோடு கிழித்தான்.

"மச்சான், இனி உங்க கல்லு."

ரசமட்டம் அவனைப் பார்க்கவில்லை. சுத்தியலை எடுத்து, ஆங்கிளை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, கோடு போட்ட இடத்தையும் விடாமல், தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அவன் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு தட்டலையும் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவர் சாந்தை அள்ளி ஓரத்தில் போட்டு, முதல் கல்லை அங்கே வைத்தார். வெல்டர் சத்தமில்லாமல் இறங்கிப் போனான்.

வரிசை முடிந்ததும் டெய்லரம்மா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இந்தக் கோடியில மட்டும் துண்டுக் கல்லா வருதே மேஸ்திரி. முன்னாடி ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருந்துச்சே?"

"பலத்துக்கு ஒரு குறையும் இல்லம்மா" என்றார் ரசமட்டம், அடுத்த கல்லை எடுத்தபடி. "எல்லாரும் இப்படித்தான் வைப்பாங்க."